சட்டை உரிக்காத நிறம்

எங்கள் வீட்டில் நான்கு வருடம் உழைத்த ஒரு கறுப்பு ஹெட்போன் இருந்தது. அதன் ஒலியில் ஒரு குறையும் இல்லை. உருவம்தான் நைந்துபோயிருந்தது: ஓரங்களில் தேய்மானம், தொட்டால் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு. மயில்நீலமாக மாற்றித் தரச் சொன்னாள் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஸ்பிரே கேனைக் குலுக்கி நேராக அடித்தேன். சாயங்காலத்துக்குள் காய்ந்து பளபளத்தது. மூன்றாவது வாரம் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. அதை அவள் நகத்தால் நெருடியதும், பாம்பு சட்டை உரித்த மாதிரி நீலம் முழுவதும் ஒரே தாளாகக் கழன்று வந்தது. அடியில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது.

உரிந்த அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். லேசாக ஒளி ஊடுருவியது, இழுத்தால் கிழிந்தது, மடித்தால் மடிந்தது. நிறம் என்று நாம் சொல்வது கனமும் வலுவும் உள்ள ஒரு பொருள் என்பது அப்போதுதான் மனதில் உறைத்தது. கேனிலிருந்து வருவது திரவம். அது போய் விழுந்த இடத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோலாக மாறுகிறது. வேலை நன்றாக அமைந்தால் அந்தத் தோலின் மொத்தக் கனம் 50 மைக்ரான் அளவில் நிற்கும். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். மயிரிழையைவிட மெல்லிய இந்தச் சட்டை பிளாஸ்டிக்கை விடாமல் பற்ற வேண்டும், வழியாமல் படிய வேண்டும், ஹெட்போனின் ஒலியையும் கெடுக்கக் கூடாது. இவை மூன்றும் எப்படி நடக்கின்றன என்று கற்றுக்கொண்ட பிறகே இரண்டாவது முறை கேனைத் தொட்டேன். அந்த நிறம் இன்றுவரை உரியவில்லை.

தாமரை இலையும் பிளாஸ்டிக்கும்

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நமக்குப் பழமொழியாகவே தெரியும். ஒட்டுவதும் ஒட்டாததும் இரண்டு இழுப்புகளுக்கு இடையே நடக்கும் போட்டி. திரவத்தின் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. அதைப் பரப்பு இழுவிசை என்கிறோம். அடியில் உள்ள திடப்பொருளும் அவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த வலிமையைப் பரப்பு ஆற்றல் என்கிறோம். தன் இழுப்பு வென்றால் திரவம் முத்தாகத் திரளும். அடிப்பரப்பின் இழுப்பு வென்றால் விரிந்து படியும். திரவம் திடப்பொருளைத் தொடும் கோணத்தை வைத்து இந்தப் போட்டியை அளக்கலாம் என்று 1805இல் தாமஸ் யங் விளக்கினார்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கரைப்பான் கலந்த ஸ்பிரே பெயிண்டுக்கு அது 25 முதல் 30 வரைதான் இருக்கும். பெயிண்ட் விரிந்து படிய வேண்டுமானால் பிளாஸ்டிக்கின் பரப்பு ஆற்றல் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஹெட்போன்களின் ஓடு ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட்டால் ஆனது, அல்லது இரண்டும் கலந்தது. இவற்றின் பரப்பு ஆற்றல் 40ஐ ஒட்டியிருப்பதால் பெயிண்ட் சுலபமாகப் படியும். பாலிபுரோப்பிலீன் 30ஐத் தாண்டுவதே அரிது. ஊறுகாய் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் எழுதிய மை விரலோடு வந்துவிடுவதற்கும் இதுதான் காரணம். ஓட்டின் உட்புறத்தில் ஏபிஎஸ், பிசி (பாலிகார்பனேட்), பிபி (பாலிபுரோப்பிலீன்) என்று இரண்டு மூன்று எழுத்துகள் சின்னதாக வார்க்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்குமுன் அதைத் தேடிப் படித்துவிட வேண்டும். பிபி என்றிருந்தால், நிறத்துக்கு முன் அடிக்கும் சாதாரண அடிப்பூச்சான பிரைமர் போதாது; அதற்கென்றே விற்கும் பற்றூட்டிப் பூச்சு ஒன்றை முதலில் அடிக்க வேண்டும்.

ஏபிஎஸ்ஸில் இன்னொரு வசதி உண்டு. பெயிண்டில் உள்ள கரைப்பான் அதன் மேற்பரப்பை மிக லேசாக இளக்கும். இளகிய பிளாஸ்டிக் சங்கிலிகளும் பெயிண்டின் சங்கிலிகளும் கொஞ்சம் பின்னிக்கொண்டு காய்வதால் பிடிப்பு கூடுகிறது. அளவு மீறினால் இதுவே ஆபத்து. அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். பாலிகார்பனேட் சில கரைப்பான்கள் பட்டால், ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் இடங்களில் மயிர்க்கோடாக வெடிக்கும். நகப்பூச்சு நீக்கியை ஹெட்போன் பக்கமே கொண்டுவரக் கூடாது.

பிசுபிசுப்பின் பின்கதை

முதல் முயற்சியில் நான் செய்த பெரிய தவறு, பழைய பிசுபிசுப்பின் மேலேயே அடித்தது. பட்டுப்போன்ற தொடுவுணர்வுக்காகப் பல ஹெட்போன்களின் மேல் பாலியூரிதேன் வகை மென்பூச்சு ஒன்று போட்டிருப்பார்கள். காற்றிலுள்ள ஈரமும் வியர்வையும் வருடக்கணக்கில் இந்தப் பூச்சின் சங்கிலிகளை வெட்டிக்கொண்டே இருக்கின்றன. நீரால் நிகழும் இந்தச் சிதைவுக்கு நீராற்பகுப்பு என்று பெயர். நீண்ட சங்கிலிகள் துண்டுதுண்டானதும் பூச்சு பசையாகிவிடுகிறது. காது குஷனின் செயற்கைத் தோல் செதில் செதிலாக உதிர்வதிலும் பெரும்பங்கு இந்த வினைக்கு உண்டு. சென்னை போன்ற கடலோர ஊரில் இது சீக்கிரமே நடக்கும். பசையாகிப்போன அடித்தளத்தின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் பசை திரண்டு வந்துவிடும். அடியில் சுத்தமான ஏபிஎஸ் தெரியும்.

துடைக்குமுன் ஹெட்போனைப் பிரித்துவிட வேண்டும். குஷன்கள் பெரும்பாலும் ஓரத்தில் செருகியிருக்கும் அல்லது லேசாகத் திருகினால் வந்துவிடும். அவற்றின் அடியில் திருகுகள் தெரியும். ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, திருகுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு டேப்பில் ஒட்டிவைத்தால் பின்னால் திண்டாட வேண்டியதில்லை. வயரில்லா ஹெட்போனுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதையும் சர்க்யூட் பலகையையும் ஓட்டிலிருந்து பிரிக்க முடிந்தால் மட்டுமே முழு ஓட்டுக்கும் பெயிண்ட் அடிப்பது நல்லது. பிரிக்க முடியாத மாதிரி ஒட்டப்பட்டிருந்தால், வெளித்தகட்டை மட்டும் எடுத்து நிறம் மாற்றினாலே போதும்.

எண்ணெய் என்னும் எதிரி

தலையில் வைக்கும் பொருளில் தலைக்கு வைத்த எண்ணெய் இல்லாமல் இருக்குமா? ஹெட்பேண்டின் மடிப்புகளில் தேங்காய் எண்ணெயும் தோலின் கொழுப்பும் ஊறிக் கிடக்கும். அதைவிடக் கெடுதல் கண்டிஷனரிலும் ஹேர் சீரத்திலும் உள்ள சிலிகோன். அதன் பரப்பு இழுவிசை 20ஐ ஒட்டியது, பெயிண்டைவிடக் குறைவு. பெயிண்டின் ஈரப்படலத்தில் ஒரு சிலிகோன் புள்ளி இருந்தால் அந்த இடத்தில் இழுவிசை தளரும். சுற்றியுள்ள பகுதி வலுவாக இழுக்க, பெயிண்ட் அந்தப் புள்ளியை விட்டு விலகி ஓடும். நடுவில் மீன்கண் மாதிரி வட்டக் குழி விழும். இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத் திரவம் ஓடும் இந்த இயல்பை, அதை ஆராய்ந்த இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மாரங்கோனியின் பெயரால் அழைக்கிறார்கள். மேலே மேலே அடித்து இந்தக் குழியை மூட முடியாது. காயவிட்டுத் தேய்த்து, துடைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் ஒழுங்கு இதுதான்: சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் துடைத்து, அதற்குப் பிறகே உப்புத்தாள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் கை சானிடைசர் இதற்கு ஆகாது. தோல் வறளாமல் இருக்க அதில் சேர்க்கும் கிளிசரின் பிளாஸ்டிக்கின் மேல் தங்கிவிடும்.

சுத்தம் ஏன் முதலில் என்பதற்கும் ஓர் அழகான காரணம் உண்டு. பரப்பின் சொரசொரப்பு, அதன் இயல்பான குணத்தைப் பெருக்கிக் காட்டும் என்று 1936இல் ராபர்ட் வென்ஸல் எழுதினார். ஏற்றுக்கொள்ளும் பரப்பு சொரசொரப்பானால் இன்னும் நன்றாக ஏற்கும்; விலக்கும் பரப்பு இன்னும் கடுமையாக விலக்கும். தாமரை இலை மெழுகுப் பூச்சோடு நுண்மேடுகளும் கொண்டிருப்பதால்தான் அவ்வளவு உறுதியாகத் தண்ணீரை உதறுகிறது. எண்ணெய்ப் பரப்பைத் தேய்ப்பது அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் உழுது விதைப்பதற்குச் சமம்.

உப்புத்தாளின் எண் கூடக்கூட மணல் நயமாகும். 400 எண் தாளின் துகள் சராசரியாக 35 மைக்ரான், 600இல் சுமார் 26, 1000இல் 18, 2000இல் 10. பெயிண்ட் தோலின் மொத்தக் கனமே 50 மைக்ரான்தான் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். முரட்டுத்தாளால் தேய்த்தால் அந்தக் கீறல்கள் பெயிண்டுக்கு மேலேயும் எட்டிப் பார்க்கும். வழவழப்பான தாளால் மட்டும் தேய்த்தால் பிடிமானம் கிடைக்காது. பிரைமருக்கு முன் 400இல் தொடங்கி 600இல் முடிப்பது நடுவழி. டிங்கரிங் பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் தாளை வாங்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. பிளாஸ்டிக்கும் சூடேறி இளகாது. பளபளப்பு முழுவதும் போய், சுண்ணாம்பு பூத்த மாதிரி ஒரே சீராக மங்க வேண்டும். பளபளப்பாக மிஞ்சும் ஒவ்வொரு திட்டும் பின்னால் உரியப்போகும் திட்டு.

ஊசித்துளைகளின் சங்கீதம்

மேசை விளக்குக்கு இதுவரை சொன்னதே போதும். ஹெட்போனுக்குக் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும், அதன் ஓட்டில் உள்ள துளைகளில்.

இயர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஊசி முனை அளவில் ஒன்றிரண்டு துளைகள் கண்ணில் படும். அழகுக்காக வைத்தவை அல்ல. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசைந்து ஒலியை உண்டாக்குகிறது. அது பின்னால் வரும்போது கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று அமுங்கி, ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, காற்று மெல்ல வெளியேறத் துளை வைத்திருக்கிறார்கள். தவிலின் அதிர்வும் பேஸ் கிட்டாரின் ஆழமும் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இந்தத் துளைக்குப் பங்குண்டு.

இரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பிய ழான் புவாஸே என்ற பிரெஞ்சு மருத்துவர், 1840களில் ஒரு விதியைக் கண்டார். குழாயின் ஆரம் குறையும்போது ஓட்டத்துக்கான தடை, ஆரத்தின் நான்காம் அடுக்கில் கூடும். இரத்தக் குழாய் கொஞ்சம் சுருங்கினாலும் மருத்துவர்கள் கவலைப்படுவது இதனால்தான். இதை ஹெட்போனுக்குப் போட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்விளிம்பைச் சுற்றி 50 மைக்ரான் பெயிண்ட் படிந்தால் விட்டம் 0.9 மில்லிமீட்டர் ஆகும். பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. தடையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். துளை அரை மில்லிமீட்டராக இருந்தால் தடை சுமார் இரண்டரை மடங்கு. இந்த விதி நீண்ட நுண்குழாய்க்கே அச்சாகப் பொருந்தும். குட்டையான துளையில் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு இதுதான். துளைக்குப் பின்னால் மெல்லிய வலைத்துணி ஒட்டியிருந்தால் ஒரே பூச்சில் அது முழுவதும் அடைந்துபோகலாம். இடது பக்கம் அடைந்து வலது பக்கம் திறந்திருந்தால், பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்கும்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வெளிப்புறத்தில் உள்ள குட்டி மைக்ரோபோன் வெளியோசையைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்கச் சொல்கிறது. மேடும் பள்ளமும் சரியாகப் பொருந்தினால்தான் இரைச்சல் அடங்கும். மைக்ரோபோன் துளையில் ஒரு பெயிண்ட் துளி படிந்தால் கேட்பதே தவறாகிவிடும். அடக்க வேண்டிய இரைச்சல் சில நேரம் கூடவும் செய்யும்.

அதனால் ஒவ்வொரு துளையையும் ஒரு குச்சியின் நுனியில் எடுத்த மாஸ்கிங் டேப் துணுக்கால் மூட வேண்டும். சார்ஜ் செய்யும் இடம், பொத்தான்களின் இடுக்கு, ஹெட்பேண்ட் உள்ளே நுழைந்து வெளியே வரும் தண்டு எல்லாவற்றையும் மூட வேண்டும். உரசி நகரும் பாகத்தில் 50 மைக்ரான் கனம் சேர்ந்தாலே அது சிக்கிக்கொள்ளும். இந்த டேப்பே பெயிண்ட் பட்டறையில் பிறந்ததுதான். 1920களின் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள் மோகமாக இருந்தன. இரண்டு நிறத்துக்கும் நடுவே கோடு பிசிறில்லாமல் வர, தொழிலாளர்கள் காகிதத்தை வலுவான பசையால் ஒட்டினார்கள். பிரிக்கும்போது புதுப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். அவர்களின் தவிப்பை நேரில் பார்த்த 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, விட்டுவிடும் அளவுக்கு மட்டும் ஒட்டுகிற டேப்பை 1925இல் உருவாக்கினார்.

வெள்ளி, தங்க நிறங்களை விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலோகப் பளபளப்பு தரும் பெயிண்டில் அலுமினியச் செதில்கள் இருக்கும். விரல் தொட்டால் பாட்டை மாற்றும் தொடுபரப்பு, நம் விரல் உண்டாக்கும் மிகச் சின்ன மின்மாற்றத்தை உணர்ந்துதான் வேலை செய்கிறது. புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும் ஓட்டின் வழியாகவே போய்வர வேண்டும். நடுவே உலோகச் செதில் அடுக்கு வந்தால் இரண்டுமே தடுமாற வாய்ப்புண்டு. தொழிற்சாலைகளில் உலோகப் பளபளப்பு வேண்டும்போது, ஒன்றையொன்று தொடாத நுண்தீவுகளாக உலோகத்தைப் படியவைத்து மின்சாரம் கடத்தாதபடி செய்கிறார்கள். வீட்டில் அது முடியாது. மினுமினுப்பு வேண்டுமென்றால் மைக்கா துகள் கலந்த முத்து நிறம் பாதுகாப்பான வழி. அதில் ஒளி அலைகளின் குறுக்கீட்டால்தான் மினுக்கம் வருகிறது, உலோகம் தேவையில்லை.

கேனுக்குள் ஒரு குட்டி சிலிண்டர்

1949இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெயிண்ட் வியாபாரம் செய்த எட்வர்ட் சீமோர், அலுமினிய பெயிண்டைக் காட்டி விற்க எளிய வழி தேடினார். பெயிண்டை ஒரு ஸ்பிரே கேனில் அடைத்தால் என்ன என்று அவருடைய மனைவி பானி யோசனை சொன்னார். ஸ்பிரே பெயிண்ட் அப்படித்தான் பிறந்தது.

அந்தக் கேனை அழுத்தினால் கடைசித் துளிவரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் பெயிண்ட் வருவது எப்படி? உள்ளே அடைத்த வெறும் காற்று தள்ளினால், காலியாகக் காலியாக அழுத்தம் குறைந்துகொண்டே போகும். கேனில் இருப்பது திரவமாக்கிய வாயு. இன்று பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் கலவை. சமையலறை சிலிண்டரில் உள்ள அதே வகை. பெயிண்ட் வெளியேறி இடம் காலியாகும்போதெல்லாம் கொஞ்சம் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புவதால், கேனுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் சில மடங்காகவே நிலைக்கிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கேனிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் கை சில்லிடும். தொடர்ந்து அடித்தால் அழுத்தம் தளர்ந்து, சாரல் பெருந்துளியாக விழும். கொஞ்சம் இடைவெளி விட்டு அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குலுக்கும்போது கடகடக்கும் குண்டு, அடியில் படிந்த நிறமியைக் கலக்க வைத்தது. அது ஓசையிடத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் கேன்களில் குளோரோபுளோரோகார்பன் வாயுக்களை அடைத்தார்கள். அவை தீப்பற்றாது, நெடியும் இல்லை. ஆனால் அவை மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. வானம் பிழைத்தது, ஆனால் இன்றைய கேன் தீப்பற்றும் கேன். அதிலுள்ள வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோடு தவழ்ந்து போய்த் தேங்கும். பக்கத்து அறையில் அடுப்போ பூஜை விளக்கோ எரிந்தால் போதும், தீ அங்கிருந்து திரும்பி வரும். மொட்டை மாடியோ திறந்த முற்றமோதான் இதற்கு இடம். சாதாரணத் துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் கேனை வெயிலில் விட்டு வராதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

மெலிந்த பூச்சின் கணக்கு

ஒரே மூச்சில் நிறத்தைக் கொண்டுவந்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைதான் பெயிண்டை வழியவைக்கிறது. செங்குத்துப் பரப்பில் உள்ள ஈரப்படலம் புவியீர்ப்பில் மெல்லக் கீழே நழுவும். கனம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு நழுவும் வேகம் நான்கு மடங்காகும். ஓடி இறங்கும் பெயிண்டின் அளவு எட்டு மடங்காகும். அதனால்தான் கடைசியாக ஒரு தடவை கூடுதலாக அடித்த இடத்தில் திடீரென்று கண்ணீர்த் தாரை விழுகிறது.

அப்படியானால் மிக மெலிதாக, எட்ட நின்று அடித்தால் ஆயிற்றே என்று தோன்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. விழுந்த துளிகள் சின்னச் சின்ன மேடாக நிற்கும். அவற்றை இழுத்துச் சமமாக்குவது பரப்பு இழுவிசை. அந்தச் சமப்படுத்தலும் கனத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. கனம் பாதியானால் சமமாகும் வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதற்குள் கரைப்பான் பறந்துவிட்டால், மேடுகள் அப்படியே உறைந்து ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். மிக எட்ட நின்றால் துளி காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும். வழியாமல் இருக்க மெலிவு வேண்டும், சமமாகக் கனம் வேண்டும். நல்ல பெயிண்டரின் கைக்கு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடம் பழகியிருக்கும்.

நமக்கு உதவும் நடைமுறை இதுதான். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் கேனைப் பிடித்து, பொருளுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பொருளைக் கடந்து வெளியே போன பிறகு விட வேண்டும். முதல் கோட் வெறும் தூவல். அடிநிறம் தெரிய வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு கோட்டுகளில் நிறம் மூடும். கடைசிக் கோட்டில் மட்டும், ஈரம் மினுமினுத்துப் பரவும் அளவுக்கு ஒரு பிடி கூடுதல். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே கேனில் எழுதியுள்ள நேரத்தை மதிக்க வேண்டும். எனாமல் வகையில் பாதி இறுகிய தோலின் மேல் புதுக் கரைப்பான் பட்டால் அது உப்பிச் சுருங்கி, கொதித்து ஆறிய பாலாடை போலாகிவிடும்.

ஐப்பசியில் ஏன் கூடாது

கரைப்பான் ஆவியாகும்போது பெயிண்டின் பரப்பு குளிரும். வெப்பம் 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், பனிப்புள்ளி சுமார் 26 டிகிரி. அதாவது பரப்பு வெறும் 4 டிகிரி குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீராவி அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படியும். அந்த நீர் படலத்துக்குள் சிக்கிக்கொண்டால் நிறம் வெள்ளையாகப் பூத்துப்போகும். மழைக்காலச் சாயங்காலத்தில் அடித்த கறுப்பு பெயிண்ட் சாம்பலாக மாறுவது இதனால்தான். கடலோர ஊர்க்காரர்கள் வெயில் ஏறிய முற்பகலில், நிழலான இடத்தில் அடிப்பது நல்லது. நேர் வெயிலும் ஆகாது. மேல்தோல் முதலில் காய்ந்துவிட்டால் அடியில் உள்ள கரைப்பான் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

கறுப்பு ஓட்டின் மேல் மஞ்சளோ சிவப்போ அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் அழுக்காகவே தெரியும். பெயிண்ட் அடிநிறத்தை மறைப்பது, ஒளியைச் சிதறடித்தோ உறிஞ்சியோதான். வெள்ளை நிறமியான டைட்டேனியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, அதைச் சூழ்ந்துள்ள பிசினுக்கு 1.5. இந்தப் பெரிய வித்தியாசத்தால் ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பித் திருப்பி அடிக்கிறது. மெல்லிய படலமே அடியை மூடிவிடுகிறது. பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அந்தத் திறன் குறைவு. அவற்றின் வழியே உள்ளே போகும் ஒளி அடித்தளத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. அடித்தளம் கறுப்பாக இருந்தால் ஒளி அங்கேயே முடிந்துபோகும். முதலில் வெள்ளை பிரைமர் ஒரு கோட் கொடுத்தால், மேல்நிறம் மூன்று கோட்டில் உயிர்பெறும். மயில்நீலத்துக்கு நான் சாம்பல் நிற பிரைமரைப் போட்டேன். நீலம் ஆழமாக நின்றது.

காத்திருப்பு

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் இறுகிவிட்டது என்பதற்கும் நடுவே பல நாள் இடைவெளி உண்டு. லேக்கர் வகை பெயிண்ட், கரைப்பான் பறப்பதால் மட்டும் காய்கிறது. எனாமல் அதற்குப் பிறகு காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து வலையாகப் பின்னிக்கொள்கிறது. 1920களில் டியூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த டூகோ என்ற லேக்கர், வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார் பெயிண்டை மணிக்கணக்கில் காயவைத்தது. அந்தப் பெயர் இங்கேயும் ஊன்றிவிட்டது. நம் மரப் பட்டறைகளில் ஸ்பிரேயில் அடிக்கும் பளபளப்பான பூச்சை இன்றும் டூகோ பெயிண்ட் என்கிறார்கள்.

நிறத்தின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் கட்டாயம் வேண்டும். வியர்வையும் உரசலும் முதலில் அதைத்தான் சந்திக்கும். கடையில் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரிதேன் கிளியர் கிடைக்கும்; கல் போல இறுகும். ஆனால் அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயில் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. தனிக் காற்று வசதியுடன் வேலை செய்யும் பட்டறைக்கு உரியது அது. வீட்டுக்கு அக்ரிலிக் கிளியரே போதும். கிளியரிலும் ஆரஞ்சுத் தோல் விழுந்தால் ஒரு வாரம் கழித்து 2000 எண் தாளில் தண்ணீர் தொட்டு மெல்ல நயப்படுத்தலாம். காதையும் கழுத்தையும் தொடும் குஷனுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்காதீர்கள். வளைந்து அமுங்கும் பரப்பில் இந்தத் தோல் வெடிக்கும். வியர்வையோடு சேர்ந்து தோலை உறுத்தும். தேய்ந்த குஷனைப் புதிதாக மாற்றிவிடுவதே முறை.

சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பிலோ சூட்டுத் துப்பாக்கியிலோ காட்டக் கூடாது. 100 டிகிரியை நெருங்கும்போதே ஏபிஎஸ் தளரத் தொடங்கும். தூசு படாத அலமாரியில் ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். மூக்கருகே கொண்டுபோனாலும் பெயிண்ட் வாசனை அறவே இல்லாதிருப்பதே, அது முழுவதும் இறுகியதற்கான நல்ல அடையாளம்.

எட்டாம் நாள் சோதனைக்கு உட்கார்ந்தேன். ஹெட்போனோடு சேர்த்து அதே முறையில் பெயிண்ட் அடித்து வைத்திருந்த ஒரு பழைய ஏபிஎஸ் துண்டின் மேல், கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தேன். பெயிண்ட் தொழிற்சாலைகளிலும் பிடிப்பை இப்படித்தான் சோதிக்கிறார்கள். டேப் வெறுமையாக வந்தது. ஒரு கட்டமும் பெயரவில்லை.

பிறகு மாஸ்கிங் டேப் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஓட்டைச் சூரியனுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தபோது, நீலத்தின் நடுவே ஊசித்துளை ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. மொத்தப் பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர், கனம் 50 மைக்ரான் என்று கணக்கிட்டால், நான் சேர்த்த எடை ஒன்றரை கிராமுக்குப் பக்கம்தான். ஒரு பொருள் அலுத்துப்போனதும் தூக்கிப் போடாமல் இன்னும் சில வருடம் கூடவே வைத்துக்கொள்ள, சில நேரம் இந்த ஒன்றரை கிராமும் அதற்கு முன்னால் செய்யும் இரண்டு நாள் தேய்ப்பும் போதும். திருகுகளைப் பூட்டி, புதுக் குஷன் போட்டு மகளிடம் கொடுத்தேன். அவள் வழக்கமாகக் கேட்கும் பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். "எதுவும் மாறலப்பா" என்றாள். அதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன்.